நொய்யல் குளங்களில் ஜிலேபி மீன் மட்டும் தாக்குப்பிடிப்பது எப்படி? செவுளுக்குள் ஓடும் உப்புக் கணக்கு!

கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் என எந்தக் கரையில் நின்று பார்த்தாலும் வலையில் அதிகம் விழுவது ஜிலேபி மீன்தான். சாக்கடை கலக்கிறது, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, கோடையில் தண்ணீர் பச்சையாக மாறுகிறது. ஆனாலும் ஜிலேபி மட்டும் குறைவதே இல்லை. திருப்பூர் தாண்டி ஒரத்துப்பாளையம் வரை போனாலும் இதே கதைதான்.

இதை வைத்துத்தான் குளத்தங்கரைகளில் ஒரு பேச்சு அடிக்கடி வரும். "மீன் துள்ளிட்டுத்தானுங்களே இருக்குது, அப்புறம் தண்ணிக்கு என்ன கேடு?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை குளத்தில் இல்லை. மீனின் செவுளில் இருக்கிறது. ஒரு மீன் உப்புத் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் எப்படிப் பிழைக்கிறது, அதில் ஹார்மோன்களின் வேலை என்ன, அதற்கும் நொய்யல் தண்ணீருக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

நொய்யலில் உப்பு எப்படி வந்தது?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகப் பாய்ந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிறகு உப்பு எங்கிருந்து வந்தது என்றால், பனியனிலிருந்து வந்தது.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் தண்ணீரிலேயே தங்கிவிடாமல் நூலில் ஏற வேண்டும். அதற்காகச் சாயத் தொட்டியில் சாதாரண உப்போ, குளோபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ கொட்டுவார்கள். அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல்கூடப் போகும். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு. ஆக, சாயத் தொட்டி கடலை விடக் கரிப்பு. முக்கியமான விஷயம், இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயம் ஏறியதும் அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தைப் பிரித்தெடுக்கலாம், அமிலத்தைச் சரிக்கட்டலாம். கரைந்த உப்பை மட்டும் சாதாரண சுத்திகரிப்பில் எடுக்கவே முடியாது.

சென்னிமலை அருகே நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. அணை கட்டினால் தண்ணீர் தேக்கச் சொல்லி விவசாயிகள் போராடுவதுதான் வழக்கம். இங்கே தேக்காதீர்கள் என்று போராடினார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடர்ந்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. உத்தரவு நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. அதன் பிறகுதான் எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள் எல்லாம் முழு வீச்சில் வந்து, உப்பையே மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாறியது.

சரி, இவ்வளவு உப்புக்கு நடுவில் மீன் என்ன செய்யும்?

மீனின் ரத்தத்தில் எவ்வளவு உப்பு?

ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. மனித ரத்தத்தோடு ஒத்துப்போகும் அளவு அது. எலும்புள்ள பெரும்பாலான மீன்களின் ரத்தமும் கிட்டத்தட்ட இதே அளவில்தான் இருக்கும். குளத்து மீனானாலும் கடல் மீனானாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. கடல்நீரின் உப்பில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே குறைவு.

பிரச்சினையே இங்கேதான். குளத்து மீனுக்குச் சுற்றியுள்ள தண்ணீரை விட ரத்தம் உப்பு. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதுமே, அதுபோல வெளித் தண்ணீர் உடலுக்குள் வந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். கடல் மீனுக்கு இது அப்படியே தலைகீழ். ஊறுகாய்க்குப் போட்ட மாங்காய் மாதிரி, உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும், உப்பு உள்ளே ஏறும். தண்ணீருக்குள்ளேயே வாழ்ந்தும் தாகத்தில் சாகக்கூடிய நிலை.

தோலும் செதிலும் ஓரளவு தடுத்துவிடும். செவுள் தடுக்காது, தடுக்கவும் கூடாது. ஆக்சிஜன் உள்ளே வர வேண்டுமானால் செவுளின் தோல் மெல்லியதாகவும் பரப்பளவு பெரியதாகவும் இருந்தாக வேண்டும். காற்றுக்குத் திறந்த கதவு, உப்புக்கும் தண்ணீருக்கும் திறந்த கதவுதான். எனவே கதவிலேயே காவல் வைத்திருக்கிறது உடம்பு.

அந்தக் காவலாளி யார்?

செவுளில் அங்கங்கே இருக்கும் சில சிறப்புச் செல்கள்தான் அவை. அயனி செல்கள் என்று சொல்லலாம். 1932-ல் விலாங்கு மீனின் செவுளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஆன்செல் கீஸ், எட்வர்ட் வில்மர் என்ற இரு ஆய்வாளர்கள், குளோரைடை வெளியேற்றும் செல்கள் இவை என்று முதலில் அடையாளம் காட்டினார்கள். ஆன்செல் கீஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டதாகத் தோன்றுகிறதா? கொழுப்புச் சாப்பாட்டையும் மாரடைப்பையும் தொடர்புபடுத்தி 7 நாடுகளில் ஆய்வு நடத்திப் பின்னாளில் புகழ்பெற்றவர் இவர்தான். ஆரம்பித்தது மீன் செவுளில்!

கடலில் இருக்கும் மீன், இழந்த தண்ணீரை ஈடுகட்டக் கடல்நீரையே குடிக்கிறது. குடல் அந்தத் தண்ணீரை உறிஞ்சும்போது உப்பும் சேர்ந்தே ரத்தத்துக்கு வந்துவிடும். அந்த உப்பைத்தான் அயனி செல்கள் வெளியே தள்ளுகின்றன. செல்லின் ரத்தப் பக்கச் சுவரில் இருக்கும் பம்புகள் ஆற்றலைச் செலவழித்து சோடியத்தைத் தொடர்ந்து வெளியேற்றும். அதனால் உருவாகும் இழுவிசையில் ரத்தத்திலிருந்து குளோரைடு செல்லுக்குள் வரும். வந்த குளோரைடு, தண்ணீர்ப் பக்கச் சுவரில் உள்ள ஒரு வாசல் வழியாக வெளியேறும். பின்னாலேயே சோடியமும் செல்களுக்கு இடையிலான இடுக்கு வழியாகக் கசிந்து போய்விடும்.

அந்த வாசலுக்கு சி.எஃப்.டி.ஆர். என்று பெயர். இதே வாசல் மனித உடலிலும் இருக்கிறது. அதற்கான மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்குத்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருகிறது. அந்தக் குழந்தைகளின் வியர்வை வழக்கத்தை விடக் கரிக்கும். மீனுக்குக் கடலில் உயிர் கொடுப்பதும் மனிதக் குழந்தையின் வியர்வையைத் தீர்மானிப்பதும் ஒரே வாசல்.

குளத்தில் இருக்கும் மீனுக்கோ அயனி செல்கள் எதிர்த்திசையில் வேலை செய்தாக வேண்டும். தண்ணீரில் இருக்கும் துளியூண்டு சோடியத்தையும் குளோரைடையும் தேடிப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். உள்ளே புகும் தண்ணீரைச் சிறுநீரகம் நீர்த்த சிறுநீராக ஓயாமல் வெளியே கொட்டும். குளத்து மீன் தண்ணீரைக் குடிப்பதே மிகக் குறைவு. ஆனால் நிற்காமல் சிறுநீர் கழிக்கும். கடல் மீன் குடித்துக்கொண்டே இருக்கும், சிறுநீர் சொற்பம்.

உத்தரவு போடுவது ஹார்மோன்

எப்போது உப்பை உள்ளே இழுப்பது, எப்போது வெளியே தள்ளுவது? இதை முடிவு செய்வது ஹார்மோன்கள்.

நல்ல தண்ணீருக்கான ஹார்மோன் புரோலாக்டின். ஆமாம், தாய்மார்களுக்குப் பால் சுரக்க வைக்கும் அதே புரோலாக்டின்தான். மீனுக்கு ஏது பால் என்று கேட்கலாம். பாலூட்டிகள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஹார்மோன் மீன்களில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. 1959-ல் அமெரிக்காவில் கிரேஸ் பிக்ஃபோர்ட், ஜான் பிலிப்ஸ் ஆகியோர் கில்லி மீன் என்ற சிறிய மீனை வைத்து இதை நிரூபித்தார்கள். அந்த மீனின் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்துவிட்டால் உப்புத் தண்ணீரில் உயிரோடு இருக்கும், நல்ல தண்ணீரில் விட்டால் செத்துவிடும். பாலூட்டி விலங்கிலிருந்து பிரித்தெடுத்த புரோலாக்டினை ஊசி மூலம் செலுத்தியதும் நல்ல தண்ணீரிலும் பிழைத்துக்கொண்டது! சுரப்பியின் மற்ற ஹார்மோன்களால் அது முடியவில்லை.

புரோலாக்டின் செவுளை இறுக்கமாக்கி உப்புக் கசிவைக் குறைக்கிறது. உப்பை உள்ளிழுக்கும் வகை அயனி செல்களைப் பெருக்குகிறது. கடல் வகை செல்கள் உருவாகாமல் தடுக்கிறது.

உப்புத் தண்ணீருக்கான முக்கிய ஹார்மோன் கார்டிசால். மனிதர்களிடம் டென்ஷன் ஹார்மோன் என்று பெயர் வாங்கியதும் இதுதான். மீனின் உடலில் உப்பைப் பராமரிக்கும் பொறுப்பும் இதன் தலையில்தான். நம் உடலில் உப்புக்கென்றே ஆல்டோஸ்டிரோன் என்ற தனி ஹார்மோன் இருக்கிறது. எலும்பு மீன்களில் அது இல்லாததால் இரண்டு வேலையையும் கார்டிசாலே பார்க்கிறது. வளர்ச்சி ஹார்மோனும் துணைக்கு வரும். இவை சேர்ந்து அயனி செல்களைப் பெரிதாக்கி, பம்புகளைக் கூட்டி, வெளியேற்றும் வாசலைத் திறந்து வைக்கின்றன. கார்டிசால் கடலுக்கு மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. புரோலாக்டினோடு சேர்ந்தால் நல்ல தண்ணீர்ப் பழக்கத்துக்கும் உதவும். கூட யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வேலை மாறுகிறது.

ஜிலேபியின் ஸ்பெஷல் என்ன?

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மொசாம்பிக் திலேப்பியா இந்தியாவுக்கு வந்தது 1952-ல். தமிழ்நாட்டில் அதற்கு ஜிலேபி, ஜிலேபிக் கெண்டை என்று பெயர் விழுந்தது. சொந்த ஊரில் ஆற்று முகத்துவாரங்களில் வாழ்ந்த மீன் அது. ஏற்றத்தில் உப்பு, இறக்கத்தில் நல்ல தண்ணீர் என்று தினமும் மாறும் இடம். அங்கே பிழைத்த இனத்துக்கு இரண்டு ஏற்பாடும் கைவசம் இருக்கும்.

இந்த மீனின் பிட்யூட்டரியில் உள்ள புரோலாக்டின் செல்கள், மூளையின் உத்தரவுக்காகக்கூடக் காத்திருப்பதில்லை. ரத்தத்தின் உப்பு குறைந்தால் அந்தச் செல்லே தண்ணீரை உறிஞ்சி லேசாக ஊதும். ஊதியதும் சுவர் இழுபட்டுக் கால்சியம் உள்ளே வரும். உடனே புரோலாக்டின் ரத்தத்தில் கொட்டும். உப்பு கூடினால் செல் சுருங்கும், சுரப்பு நிற்கும். வீட்டு மேல்நிலைத் தொட்டியில் மிதவை வால்வு தண்ணீரை நிறுத்துகிற மாதிரியான எளிய ஏற்பாடு. இந்தச் செல்களைத் தனியே பிரித்து ஆய்வுக் கிண்ணத்தில் வைத்தாலும் இதே வேலையைச் செய்யும் என்பதை ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உலகம் முழுக்க இந்தத் துறை ஆய்வாளர்களுக்கு ஜிலேபிதான் செல்லப்பிள்ளை.

அதற்காக எந்தத் தண்ணீரில் தூக்கிப் போட்டாலும் பிழைக்கும் என்று அர்த்தமில்லை. குளத்து ஜிலேபியை நேராகக் கடல்நீரில் விட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் செத்துவிடும். செவுளில் கடல் வகை செல்கள் உருவாகச் சில நாட்கள் வேண்டும். முதல் 24 மணி நேரம்தான் கண்டம். பாதி உப்புத் தண்ணீரில் சில நாள் வைத்துப் பழக்கினால், கடலை விட இரண்டு மடங்கு கரிக்கும் தண்ணீரில்கூட வாழும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கடலை விட உப்பேறிப்போன சால்டன் ஏரியில் பல ஆண்டுகள் மந்தை மந்தையாகத் திரிந்தது இந்த மீன் வகைதான்.

அப்படியென்றால் நொய்யல் உப்பு மீனைக் கொல்லாதா?

இங்கேதான் பலரும் குழம்பும் இடம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. 2.1 கிராம். சாயக்கழிவு உச்சத்தில் இருந்த காலத்தில் நொய்யலில் இது பல மடங்கு கூடியது. ஆனாலும் கடலோடு ஒப்பிட்டால் சிறிய பங்குதான். தண்ணீரில் உப்பு 9 கிராமைத் தாண்டாத வரை மீனின் உடலைப் பொறுத்தவரை அது இன்னும் நல்ல தண்ணீர்தான். புரோலாக்டின் சுரந்துகொண்டிருக்கும், செவுள் உப்பை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். ஜிலேபிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. ரோகு, கட்லா, மிர்கால் போன்ற கெண்டை இனங்கள்கூட லிட்டருக்குச் சில கிராம் உப்பைச் சமாளித்துவிடும். அவற்றிடம் கடல் ஏற்பாடு இல்லாததால், ரத்த அளவைத் தாண்டினால்தான் கதை முடியும்.

அதே 2 கிராம் உப்பு வாழைக்குத் தாங்காது. தோட்டத்தில் பாய்ச்சிய தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணிலேயே நிற்கும். அடுத்த தண்ணீர், அடுத்த உப்பு. மழை குறைந்த கொங்கு மண்ணில் அதைக் கழுவிவிட ஆள் கிடையாது. சோடியம் கூடக்கூட மண் இறுகி, தண்ணீர் இறங்காத தரையாகிவிடும். வாழைக்குச் செவுளும் இல்லை, புரோலாக்டினும் இல்லை. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு விரும்பும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் மட்டுமே. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. ஆக, மீன் துள்ளும் தண்ணீர் வயலுக்கு ஆகாததாகவும் குடிக்க முடியாததாகவும் இருக்கலாம். குளத்தங்கரைக் கேள்விக்குப் பதில் இதுதான்: ஜிலேபி இருப்பதை வைத்துத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும், முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும் இனம் அது.

பிறகு சில நாட்களில் குளத்தில் மீன் கொத்துக் கொத்தாக மிதக்கிறதே, அது ஏன்? பெரும்பாலும் ஆக்சிஜன்தான் காரணம். கழிவு மட்கும்போதும், பாசி இரவில் சுவாசிக்கும்போதும் ஆக்சிஜன் தீர்ந்து, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். இன்னொரு காரணம் நேரடியாக நமது அயனி செல்கள் சம்பந்தப்பட்டது.

சாக்கடை கலக்கும் குளத்தில் அம்மோனியா சிதைந்து நைட்ரைட் உருவாகும். குளத்து மீனின் செவுள் குளோரைடைத் தேடி உள்ளே இழுக்கிறது என்று பார்த்தோம் இல்லையா? அந்தப் பாதைக்குக் குளோரைடுக்கும் நைட்ரைட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நைட்ரைட்டையும் அள்ளி உள்ளே போட்டுவிடும். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்து ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். அப்படிப்பட்ட மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் காப்பி நிறத்தில் இருக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மூச்சுத் திணறிச் சாகும்.

மீன் வளர்ப்பவர்கள் குட்டையில் அளவோடு கல் உப்பு போடுவதன் ரகசியமும் இதுதான். குளோரைடு நிறைய இருந்தால் வாசலில் நெரிசல் ஏற்பட்டு, நைட்ரைட் உள்ளே நுழைவது குறைந்துவிடும்.

மீன் குஞ்சு வாங்கி வருபவர்களுக்கும் இதே உப்பு உதவும். வலையில் பிடித்து, பையில் அடைத்து, வண்டியில் குலுக்கிக் கொண்டுவரும்போது குஞ்சு மிரளும். மிரண்டால் அட்ரினலின் சுரந்து செவுளுக்கு ரத்தம் அதிகம் பாயும். ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கும், கூடவே உப்பும் வேகமாகக் கசியும். கொண்டுவரும் தண்ணீரில் லிட்டருக்கு ஓரிரு கிராம் கல் உப்பு கலந்திருந்தால் அந்தக் கசிவு குறையும். குளத்தில் விடும்போதும் பையை அப்படியே கவிழ்க்காமல், பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, கால் மணி நேரமாவது கழித்துத் திறந்துவிட வேண்டும்.